சிஸ்டத்தில் இல்லை

உட்காருங்கள் சார். பை என்னுடையதுதான், மடியில் வைத்துக்கொள்கிறேன். சங்ககிரி போகும்வரை இந்தக் கூட்டம் குறையாது. நீங்கள் சேலமா? நானும் சேலம்தான். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேச்சேரி வண்டி பிடிக்க வேண்டும்.

இந்தக் காகிதமா? ஏறியதிலிருந்து பார்க்கிறீர்கள் போல. மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். பழக்கம் சார், கை சும்மா இருக்காது. சிரிக்காதீர்கள், லவ் லெட்டர் எல்லாம் இல்லை. கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்.

முன்னால் பாருங்கள். டிரைவருக்குப் பின்னால், பச்சைத் துப்பட்டா போட்ட பெண், பக்கத்தில் அவள் அம்மா. அவர்களோடுதான் வந்தேன். ஈரோட்டில் எங்கள் காலேஜின் ட்ரஸ்ட் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். அந்தப் பெண் மோகனப்ரியா, எங்கள் காலேஜில் பி.காம் கடைசி வருஷம். அம்மா பெயர் பாப்பாத்தி. இருவரும் கொண்டலாம்பட்டியில் இறங்கிவிடுவார்கள். இறங்குவதற்குள் அந்த அம்மாவுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நான் அவர்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய அண்ணன் முன்னால் நின்று, இந்தப் பெண் தினமும் காலேஜுக்குத்தான் வந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். பஸ் ஏறும்போது கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது சார். முழுதாகச் சொன்னால்தான் புரியும். எனக்கு எதையும் பாதியில் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் பால் வாங்கிவர அனுப்பினால், வழியில் பார்த்த நாய், கடைக்காரர் கட்டியிருந்த லுங்கி, எதிரில் வந்த லாரியின் நம்பர் எல்லாவற்றையும் வாசலில் நின்று ஒப்பிப்பேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், பால் எங்கடா?" என்பார்.

நான் அந்தக் காலேஜில் சிஸ்டம் அட்மின். பெயர்தான் பெரிது. கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என் பொறுப்பு. ஆண்டு விழாவில் மைக் கீச்சிட்டாலும் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். அப்பா லாரிப் பட்டறையில் டிங்கர். அவர் பட்டறையில் என்னைப் பற்றிச் சொல்லும்போது "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டே அவன் கையில" என்பாராம். பிரிண்டரைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் எங்கள் தாளாளர் ஐயா ஒரு முடிவெடுத்தார். தாளாளர் என்றால் காலேஜ் முதலாளி. இனிமேல் டீச்சர்கள் பேர் கூப்பிட்டு வருகை எடுக்க வேண்டாம். தினமும் காலையில் மெஷினில் கட்டைவிரல் வைத்தால் வந்த மாதிரி, வைக்காவிட்டால் வராத மாதிரி. மெஷின் கொடுத்தது அவருடைய மாப்பிள்ளையின் கம்பெனி. ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள். என் மேஜை அதற்கு நேர் எதிரே. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. தலை நிமிர்ந்தால் மெஷினும் அதன் முன்னால் நிற்கிற பிள்ளைகளும்தான் தெரிவார்கள்.

மெஷினில் விழுகிற ரேகைகளை எடுத்து, சரிபார்த்து, சர்வரில் வருகையாகச் சேர்க்க ஒரு ப்ரோகிராம் கொடுத்தார்கள். அதற்கு பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி ஓடவிட வேண்டும். ஓடும்போது தான் செய்வதை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த எண் வந்தது, சேர்த்தேன். அந்த எண் வந்தது, சேர்த்தேன். இன்னொரு எண் வந்தது, ரேகை தெளிவாக இல்லை, விட்டுவிட்டேன். நாள் முழுக்க ஓடும். எனக்கு அது பிடிக்கும் சார். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் ஐயா ரவுண்ட்ஸ் வந்தார். என் மேஜைக்குப் பின்னால் நின்றார்.

"என்னப்பா இது, கறுப்பா, புழு நெளியற மாதிரி ஓடிட்டே இருக்குது?"

"ஐயா, அது ப்ரோகிராம் பேசறதுங்க. என்ன வேலை செய்யுதுன்னு சொல்லிட்டே இருக்கும்."

"அதை யாரு கேட்டா? வேலையச் செய்யச் சொல்லு, பேசச் சொல்லாத. நாளைக்கு இன்ஸ்பெக்சன் கமிட்டி வருது. பாத்தா என்னமோ ரிப்பேர்னு நெனச்சுக்குவாங்க."

வேறு ஒருவனாக இருந்தால் அந்தப் பேச்சை அப்படியே குப்பையில் கொட்டியிருப்பான். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது சார். எதை அனுப்பினாலும் சுவடில்லாமல் போய்விடும். இன்டர்நெட்டில் கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை வந்து நான் வந்தேன் என்று சொன்னால்? எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் சிஸ்டம் லாகுக்கு அனுப்பினேன்.

சிஸ்டம் லாக் என்றால், போலீஸ் ஸ்டேஷனில் யார் வந்தாலும் போனாலும் நேரம் போட்டு எழுதி வைப்பார்களே, கம்ப்யூட்டருக்குள் அப்படி ஒன்று. யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கும். நம் ப்ரோகிராமின் பேச்சை அங்கே திருப்பிவிடுவது பெரிய வித்தை இல்லை. கட்டளைக்குப் பின்னால் ஒரு நெட்டுக்கோடு, அதற்குப் பின்னால் ஒரு சின்ன வார்த்தை. அவ்வளவுதான். திரை சுத்தமாகிவிட்டது. கட்டளை மட்டும் மேலே ஒற்றை வரியாக நிற்கும், கீழே ஒன்றுமே இருக்காது. பேச்செல்லாம் உள்ளே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஐயா கமிட்டியோடு வந்து பார்த்து, "ம்ம், இப்பத்தான் ஆபீஸ் மாதிரி இருக்குது" என்றார்.

நான் அதோடு விடவில்லை சார். லாகுக்குத்தான் போகிறது, இடமும் நிறைய இருக்கிறது, பிறகு ஏன் சுருக்கமாகப் பேச வேண்டும்? அந்த ப்ரோகிராமை அதிகம் பேசவைக்க ஒரு வழி உண்டு. அதை முழுக்கத் திருப்பிவிட்டேன். ஒரு விரல் வைத்தால் முன்பு ஒரு வரி சொல்லும். இப்போது மெஷினைக் கூப்பிட்டேன், மெஷின் பதில் சொன்னது, ரேகையை வாங்கினேன், பிரித்தேன், பழையதோடு ஒப்பிட்டேன் என்று ஒரு விரலுக்கு ஒரு பக்கம் சொல்லும். ஒரு தூசி விடாது. சோதித்தும் பார்த்தேன். சோதிக்காமல் எதையும் செய்ய மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் விரலையே வைத்து, லாகைத் திறந்து பார்த்தேன். அத்தனை வரியும் அழகாக இருந்தது.

அதற்குப் பிறகு திறந்து பார்த்தீர்களா என்றா கேட்கிறீர்கள்? எதற்கு சார்? பத்திரமாக இருக்கிற பொருளை யாராவது தினமும் எடுத்துப் பார்ப்பார்களா? உண்டியலை மாசத்துக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை கோயிலில்.

இந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வீட்டில் கொலுசு வேலை. கொண்டலாம்பட்டிப் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? வெள்ளிக் கொலுசை ஆசிட் கலந்த தண்ணீரில் கழுவுவது இவள் வேலை. அதனால் விரல் தோல் உரிந்து உரிந்து ரேகையே மங்கிவிட்டது. மெஷினில் வைத்தால் உடனே எடுக்காது. பின்னால் நிற்கிற பிள்ளைகள், "ஏய் கொலுசு, நகரு!" என்று கத்துவார்கள். நான் ஒருமுறை எழுந்து போய், விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வை, எண்ணெய்ப் பசைக்குக் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டது. அன்றிலிருந்து வாசலில் நின்று முதலில் நெற்றியில் தேய்ப்பாள். மெஷின் "தேங்க் யூ" என்று சொன்னதும், "வெல்கம்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஓடிவிடுவாள்.

ஆனால் மெஷின் தேங்க் யூ சொல்வது வேறு, ப்ரோகிராம் சேர்த்துக்கொள்வது வேறு சார். மெஷின் விரல் பட்டதற்கே நன்றி சொல்லிவிடும். உள்ளே ப்ரோகிராம்தான் ரேகையைச் சரிபார்க்கும். திரையில் வரி ஓடிக்கொண்டிருந்த அந்த ஆரம்ப நாட்களிலேயே கவனித்தேன். ரேகை தெளிவாக இல்லை, விட்டுவிட்டேன் என்று வருகிற எண்ணில் இவள் எண்ணும் உண்டு. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உடனே மாப்பிள்ளை கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் வரவில்லை. திரும்பவும் போட்டேன்.

இவளிடமா? இல்லை, இவளிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். கம்பெனிக்குத்தான் எழுதியாயிற்றே, சரி செய்துவிடுவார்கள். அப்படியே செய்யாவிட்டாலும் எல்லாம் லாகில் இருக்கிறது.

பள்ளிபாளையம் தாண்டிவிட்டோமா? பேசிக்கொண்டே வந்ததில் காவிரியைக்கூடப் பார்க்கவில்லை.

செமஸ்டர் முடிகிற சமயத்தில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. மோகனப்ரியா என் மேஜைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, எனக்குப் பாதிகூட இல்லையாம். நான் ஒரு நாள்கூட நிக்கலைண்ணா."

"பயப்படாதே. நீ விரல் வெச்சது எல்லாம் பதிவாகியிருக்கும். ரேகை சரியில்லைன்னு ப்ரோகிராம் விட்டிருந்தா, விட்டதும் பதிவாகியிருக்கும். விட்டது நெஜம்னா நீ வந்தது நெஜம். எடுத்துத் தர்றேன், போ."

அவள் முகம் எப்படி மாறியது தெரியுமா சார்? "நீங்க இருக்கறப்ப எனக்கென்னண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் வேலையால் ஒருத்திக்கு உபகாரம் ஆகப் போகிறதே என்று.

லாகைத் திறந்தேன். மதியம் இருக்கிறது. சாயங்காலம் இருக்கிறது. காலையில் மட்டும், எல்லா நாளும், ஒரே வரி. செய்திகள் மிக அதிகமாக வந்ததால் இத்தனை ஆயிரம் செய்திகள் தவிர்க்கப்பட்டன. மறுநாள் காலை, அதே வரி. அதற்கு மறுநாள், அதே வரி. எண் மட்டும் மாறுகிறது.

என்னவென்றால் சார், லாகுக்கு ஒரு அளவு இருக்கிறதாம். ஒரே ஆள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனால், கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு எழுதுவதை நிறுத்திவிடும். எத்தனை வரி எழுதாமல் விட்டேன் என்பதை மட்டும் கணக்காகச் சொல்லும். காலையில் காலேஜ் பஸ்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். மொத்தப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விரல் வைப்பார்கள். ஒரு விரலுக்கு ஒரு பக்கம் என்றால்? நான் சோதித்தது மதியம். ஆனால் சோதித்தேன், அதை மறந்துவிடக் கூடாது. முன்பு மாதிரி ஒரு வரி மட்டும் சொல்ல விட்டிருந்தால் அத்தனையும் நின்றிருக்குமே என்று தோன்றுகிறதா? அப்படிச் சொல்ல முடியாது சார். அது கருவியின் குறை. அளவு இருக்கிறது என்றால் முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

எங்கெங்கேயோ தேடினேன். மெஷினுக்குள் இருப்பது வாராவாரம் அழிந்துவிடும். கேமராவிலும் பழையது நிற்காது. அவளுடைய கிளாஸ் டீச்சர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டார், அடுத்து வந்தவருக்குப் பிள்ளைகளின் முகமே பழகவில்லை. மற்ற டீச்சர்களைக் கேட்டால், "மெஷின் வந்தப்புறம் நாங்க எங்கப்பா பாக்கறோம்" என்கிறார்கள். பிரின்சிபால் மேடம், "ஐயா மனசு வெச்சாத்தான்" என்று சொல்லிவிட்டார். ஹால் டிக்கெட்டுக்கு இன்றுதான் கடைசி நாள். அதனால்தான் ஈரோடு. என்னையும் வரச் சொன்னார்கள், லாக் என்னிடம் இருக்கிறது என்று. லீவு போட்டுவிட்டு வந்தேன். போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டேன்.

ஐயாவின் அறை பெரிய அறை. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. எங்கள் எல்லோருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அதில்தான் இருக்கிறது. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டார்கள், பாதியில் விட்டு ஓடிவிடக் கூடாதென்று. என்னுடையதும் உள்ளே இருக்கிறது. டிகிரி வந்த அன்று அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை சார். அறையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, எம்புள்ள ஒரு நாகூட நிக்கலைங்க. காச்சலோட போனாளுங்க."

"வந்திருந்தா மெஷின்ல இருக்கும்மா. மெஷினுக்கு உம்பொண்ணு மேல கோவமா?"

"தெனமும் தேங்க் யூன்னு சொல்லுச்சுங்க ஐயா" என்றாள் மோகனப்ரியா.

"எனக்குந்தான் தெனமும் நூறு பேர் தேங்க் யூ சொல்றான். வேலையச் செஞ்சுட்டா சொல்றான்?"

"டெஸ்ட் எல்லாம் எழுதியிருக்கேங்க ஐயா. மார்க் இருக்குதுங்க."

"டெஸ்ட் அன்னிக்கு மட்டும் வந்திருப்ப."

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

"அதுகளுக்கு நீ போடுவ, உனக்கு அதுக போடும்." என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நீதான எல்லாம் பதிவாகுதுன்னு சொன்னயாம்? எடு, பாப்பம்."

இந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லு."

"காலைல செய்தி ரொம்ப அதிகமா வந்ததால தவிர்த்துட்டதா இருக்குதுங்க ஐயா."

"இந்தப் பொண்ணு வந்ததா இருக்குதா?"

"இல்லைங்க."

"வரலைன்னு இருக்குதா?"

"அதுவும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்குப்பா இதைத் தூக்கிட்டு ஈரோடு வரைக்கும் வந்த?"

அறையில் இருந்த கிளார்க் சிரித்தார். அப்போதுதான் இந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா. நீங்க தெனமும் என்னையப் பாத்தீங்கள்ல? கதவுக்கு அந்தப் பக்கந்தான உக்காந்திருந்தீங்க?"

ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அட, ஆமா. நீ பாத்தியாப்பா?"

என்ன சொல்வது சார்? நிதானமாக யோசித்துப் பாருங்கள். தினமும் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். தினமும் என்றால் ஒரு நாள் விடாமலா? நான் லீவு போட்ட நாள்? குனிந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம்? வேறு பெண்ணை இவள் என்று நினைத்திருந்தால்? ஒரு நாள் தப்பாகச் சொன்னாலும் பொய்தானே? நான் பொய் சொல்வதில்லை. அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பீரோவின் சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

"ஐயா, நான் பாத்தது பதிவு ஆகாதுங்க. சிஸ்டத்துல இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும். சிஸ்டத்துல இல்லைங்க" என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா? நீங்க கூட்டிட்டு வந்த ஆளே சொல்லிட்டான்." மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "நேர்மையான பையன். இப்படிப் பேசறதுக்கு இன்னிக்கு ஆள் இல்ல. ஏப்பா, அடுத்த மாசம்தான உன்னோட பர்மனென்ட் ஆர்டர்? எனக்கு ஞாபகப்படுத்து."

அதை ஏன் அந்த நேரத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருவகையில் நல்ல மனுஷன்தான்.

வெளியே வந்தோம். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "எங்களுக்காகச் சோலிய விட்டுட்டு வந்தியே சாமி. உன்னால ஆனதை நீ பண்ணிட்ட" என்றார். பார்த்தீர்களா சார், படிக்காத அம்மா, அவருக்குப் புரிகிறது. என்னால் ஆனதை நான் செய்தேன் என்று. இவள்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "பரிச்ச போனாப் போவுது சாமி. எழுத விதியிருந்தா அடுத்த வருசம் எழுதறா. எங்கண்ணந்தான் குடும்பத்துக்கு எல்லாம். இவங்கப்பா போனதிலிருந்து அவருதான் பாக்கறாரு. மூணு வருசம்னு கெஞ்சித்தான் காலேசுக்குச் சேத்துனேன். இப்ப அவரு கேக்கறாரு, காலேசுக்குப் போவலைன்னா இத்தன நாளு இவ எங்க போனாள்னு. நேத்திருந்து அதே கேள்வி. போனப் புடுங்கி வெச்சுட்டாரு. நாளைக்குக் காலைல யாரோ பொண்ணு பாக்க வர்றாங்களாம். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு சாமி. நான் பாத்தேன், காலேசுலதான் இருந்தாள்னு. படிச்ச புள்ள, ஆபீஸ்ல இருக்கற. நீ சொன்னா நம்புவாரு."

நான் பதில் சொல்வதற்குள் இவள், "வேண்டாம்மா. அவர் சொல்ல மாட்டார்" என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். சாதாரணமாகச் சொன்னாள், கடையில் சில்லறை இல்லை என்பது மாதிரி.

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது சார். என் நிலைமையைப் புரிந்துகொள்ளவில்லையே என்று. நான் போய் அந்த மாமனிடம் சொன்னால் என்ன ஆகும்? அவர் சும்மா இருப்பாரா? நேரே காலேஜுக்கு வருவார். உங்கள் ஆபீஸ் பையனே பார்த்தேன் என்கிறானே, பிறகு எப்படி எங்கள் பெண்ணை நிறுத்தினீர்கள் என்று கேட்பார். ஐயா என்னைக் கூப்பிடுவார். இங்கே ஒன்று சொன்னாய், அங்கே போய் வேறு ஒன்று சொன்னாயா என்பார். நான் இரண்டு பேச்சுப் பேசுகிறவன் ஆகிவிடுவேன். காலையில்தான் நேர்மையான பையன் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பார்த்தாயா இல்லையா என்றா? எல்லோரும் அதையே கேட்கிறீர்கள். பார்ப்பது வேறு, அதைச் சொல்வதற்கு ஒரு ஆதாரம் இருப்பது வேறு. அந்தப் படிப்பைத்தானே நான் படித்தேன்? வாயால் சொல்வதற்கு என்ன மதிப்பு? நாளைக்கு நானே இல்லை என்று சொல்லிவிடலாம். லாகில் விழுந்தது விழுந்ததுதான்.

மகுடஞ்சாவடி போய்விட்டதா? எப்போது? நான் கவனிக்கவே இல்லை. இது அரியானூர் மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரு லெட்டர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா சார்? பிரின்சிபால் மேடத்திடம் கேட்டு, நன்னடத்தை சர்டிபிகேட் மாதிரி ஏதாவது. அது சரிதான், காலையில் பெண் பார்க்க வருகிறார்கள். லெட்டருக்கு எப்படியும் ஒரு வாரம் ஆகும். நடுவில் சனி ஞாயிறு வேறு.

விசில் அடித்துவிட்டார். கொண்டலாம்பட்டி.

எழுந்துவிட்டார்கள். அந்த அம்மா பின்னால் பார்க்கிறார், என்னைத் தேடுகிறார். கையைக் காட்டுகிறார், வா என்று. கொஞ்சம் காலை மடக்குங்கள் சார், நான் போய்... இல்லை, இருங்கள். எவ்வளவு கூட்டம் பாருங்கள், எப்படிப் போவது? அம்மா, நீங்கள் இறங்குங்கள்! நான் போன் பண்ணுகிறேன்! ஆமாம், போன்! கேட்கவில்லை அவருக்கு. அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறாள். இறங்கிவிட்டார்கள்.

போன் எந்த நம்பருக்கு என்று கேட்கிறீர்களா? அவள் நம்பர்தான் என்னிடம் இருக்கிறது. ஓ. ஆமாம். மாமன் பிடுங்கி வைத்திருக்கிறார்.

வண்டி எடுத்துவிட்டார்கள். ரோட்டைக் கடக்க நிற்கிறார்கள், பார்த்தீர்களா? அந்த அம்மா இன்னும் இந்தப் பக்கமே பார்க்கிறார்.

நான் பார்த்தேன் சார். உங்களிடம் சொல்வதற்கென்ன? தினமும் பார்த்தேன். வேறு பெண் என்று எப்படி நினைப்பேன்? ஆடி மாதக் காற்றில் வாசல் பேனர் பிய்ந்து விழுந்ததே, அன்று அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனோடு நின்றவள் இவள். ரிக்கார்டு நோட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்து, என் போனை வாங்கி டிரைவருக்குப் பேசினாள். காய்ச்சலோடு வந்த அன்று மெஷின் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான்தான் என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், வீட்டுக்குப் போ என்றேன், போனால் அட்டெண்டன்ஸ் போய்விடும் அண்ணா என்றாள். தீபாவளிக்கு மறுநாள் இவள் கிளாஸே காலியாக இருந்தது, அந்தக் கிளாஸில் ஒரு கை விரல் அளவுக்குத்தான் வந்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. எந்த நாளைக் கேட்டாலும் சொல்வேன் சார், என்ன கலர் டிரஸ், யாரோடு வந்தாள், எத்தனை தடவை விரல் வைத்தாள், எல்லாம் சொல்வேன். அந்தப் பெண் வேறு எங்கேயும் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை.

என்ன சார், போனை எடுக்கிறீர்கள்? வீடியோவா? அந்த மாமனுக்கு அனுப்பவா? உங்களுக்குக் கொண்டலாம்பட்டியில் ஆள் தெரியுமா?

ஐயோ, வேண்டாம் சார். தயவுசெய்து உள்ளே வையுங்கள். பதிவெல்லாம் செய்யாதீர்கள். சும்மா பேச்சுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெயரா? என் பெயர் எதற்கு சார்.